அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட பூட்ஸ்

"ஏண்டா அருளு, எவனாவது பெரிய டீமுக்காரன் கூப்பிட்டா எங்களை வுட்டுட்டுப் போயிடுவியா?"

"நான் எங்க மாமா போறேன்? பாப்பாரப்பட்டியத் தாண்டினாலே எனக்கு பஸ்ஸுல வாந்தி வருது."

போன கிறிஸ்துமஸ் அன்று வாய் நிறைய அதிரசத்தோடு அருள்நாதன் சொன்ன பதில் இது. அந்த வாந்தியை நம்பித்தான் மதலைமுத்து ஆறு மாதமாக நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தோணியார் கால்பந்துக் குழுவுக்கு அருள்நாதன்தான் சென்டர் பார்வர்டு. மதலைமுத்து எதுவும் ஆடினவரில்லை. ரேஷன் கடையில் கார்டு நம்பர் கூப்பிடுகிறவர். அவர் 'நூத்திப் பன்னண்டு' என்றால் பக்கத்து ஊரில் இருக்கிற நூத்திப் பன்னண்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பும். அந்தக் குரல் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வந்துவிடும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதத்தில், அந்தத் தூக்கத்தைக் கெடுக்க மாது வந்து சேர்ந்தான். மைதானத்தை ஒட்டிக் கடலைக்காடு வைத்திருப்பவன்.

"அண்ணே, முழுக்கைச் சட்டையும் டைரியுமா ரெண்டு வாரமா ஒருத்தர் வந்து நிக்கறாரே, பாத்தீங்களா? சேலத்து மில்லு டீம் மேனேஜராம். பேரு கிருஷ்ணப்பன். நம்ம அருளைக் கொத்திக்கிட்டுப் போகத்தான் வந்திருக்காரு."

"எவன் சொன்னான்?"

"யாரு சொல்லணும்? கூட்டிட்டுப் போற மாதிரி நம்மகிட்ட வேற யாரு இருக்கா? கோல்கீப்பர் சவரியவா கூட்டிட்டுப் போவாங்க?"

சவரி போன மாதம் ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்டவன்.

"போகட்டும் பாக்கறேன்! வேலை தர்றான்னு ஊரை வுட்டுப் போறவன் சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவனா?" என்று மதலைமுத்து கத்தினார். கொடியில் இருந்த காக்கை பறந்துவிட்டது.

மறு ஞாயிறு டீக்கடையில் அவர் கிருஷ்ணப்பனை மடக்கினார்.

"அந்த ஒன்பதாம் நம்பர் பையன் இருக்கானுங்களே, பாவம். முழங்கால் போச்சு. ஒரு கண்ணும் சரியாத் தெரியாது."

கிருஷ்ணப்பன் டீயைக் கீழே வைத்தார். "அடேங்கப்பா! அதோடயா இன்னிக்கு நாலு கோல் போட்டாரு?"

கிருஷ்ணப்பன் மதலைமுத்துவையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், டைரியில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து மதலைமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"பெரியவளக் கட்டிக் குடுத்து அனுப்புனன்னிக்குக்கூட நீங்க இப்படி உக்காரலியே" என்றாள் அவர் மனைவி பாக்கியமேரி. "அத்தனை பயமா இருந்தா அந்தோணியார்கிட்ட நேர்ந்துக்கங்களேன்."

அவள் சொன்னது மெழுகுவர்த்தியை நினைத்து. மதலைமுத்துவுக்குத் தோன்றியது வேறு.

ஊரிலேயே பூட்ஸ் வைத்திருந்தவன் அருள்நாதன் ஒருவன்தான். ஆணி அடித்துத் தருவதாகச் சொல்லி அதை வாங்கினார். செவ்வாய்க்கிழமை கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்ததும் அந்தோணியார் பாதத்தில் வைத்து, "இந்தக் காலு இந்த ஊரை வுட்டுப் போகக் கூடாது சாமி" என்று வேண்டிக்கொண்டார். நேர்ந்துவிட்ட பொருளை இனி எந்த மேனேஜர் தொடுவான்?

புதன்கிழமை அருள்நாதன் வந்து நின்றான். "மாமா, பூட்ஸ் எங்கிங்க? ஞாயித்துக்கிழமை கடத்தூர்க்காரங்களோட பைனலு."

"அது பத்திரமான எடத்துல இருக்குடா."

மதலைமுத்து ஒன்றை மறந்திருந்தார். கோயிலுக்கு வந்த காணிக்கைப் பொருளையெல்லாம் திருவிழா அன்று ஏலம் விடுவார்கள். திருவிழாவும் அதே ஞாயிறுதான். ஏலம் கூறுகிறவரும், குரல் காரணமாக, பதினோரு வருஷமாக மதலைமுத்துதான்.

பூசை முடிந்ததும் சாமியார் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சேவல், பூசணிக்காய், ஒரு மூட்டை கேழ்வரகு எல்லாம் ஊர் அதிர ஏலம் போயின. அடுத்து அவர் கையில் பூட்ஸ் வந்தது. கூட்டத்தில் முதல் வரிசையில் கிருஷ்ணப்பன். அவருக்குப் பின்னால், தன் பூட்ஸைக் கண்டு முழிக்கிற அருள்நாதன்.

மதலைமுத்து குரலைத் தொண்டைக்குள் இழுத்துக்கொண்டு, "பூட்ஸு ஒரு ஜோடி" என்று முனகினார்.

"சத்தமாச் சொல்லுய்யா! வயசாயிடுச்சா உனக்கு?" என்றார் சாமியார்.

மதலைமுத்து மாதுவுக்குக் கண் காட்டினார். மாது கையைத் தூக்கினான். "அஞ்சு ரூவா!"

"ஆறு" என்றார் கிருஷ்ணப்பன்.

மாது மேடையைப் பார்த்து, "அண்ணே, எங்கிட்ட அஞ்சுதான் இருக்குது" என்று ஊருக்கே கேட்கச் சொன்னான்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." மூன்றாம் தரம் வரும்போது மதலைமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிருஷ்ணப்பன் பூட்ஸை வாங்கி நேராக அருள்நாதனிடம் கொடுத்தார். "போட்டுக்குங்க தம்பி. ஆட்டம் நல்லா நடக்கணும்."

அருள்நாதன் கும்பிட்ட கும்பிடைப் பார்த்து மதலைமுத்து மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

"போச்சு. கையோட புடிச்சுக் குடுத்துட்டீங்க" என்றான் மாது.

ஒரே வழிதான் பாக்கி இருந்தது. அருள் மோசமாக ஆடினால் மேனேஜருக்கு ஆசை விட்டுப்போகும். தன் சத்தம் இல்லாவிட்டால் அருளுக்கு ஓட்டமே வராது என்பது மதலைமுத்துவின் எண்ணம். நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியதும் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

எண்ணம் பலித்தது. அருள் பந்தை உதைக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் கோட்டோரம் நின்ற மதலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தான். பந்து போய்விடும். சவரி ஒரு கோல் விட்டான். கடத்தூர்க்காரர்கள் மேளம் அடித்தார்கள்.

கிருஷ்ணப்பன் தவித்துப்போனார். எழுந்து நின்று மதலைமுத்துவைப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"அண்ணே, தோத்துடுவோம்ணே!" மாது மதலைமுத்துவின் கையைப் பிடித்து உலுக்கினான்.

"உம்" என்றார் மதலைமுத்து துண்டுக்குள்ளிருந்து.

கடைசிப் பத்து நிமிஷம். கடத்தூர்க்காரன் ஒருவன் அருளைத் தள்ளிவிட்டு, "என்னடா, உங்க ரேஷன் மைக்கு செத்துப்போச்சா?" என்று சிரித்தான்.

துண்டு பறந்தது.

"அடேய் அருளு! எந்திரிடா! வலப்பக்கம் போடா! அவன் காலுக்கு நடுவுல வுடுடா!"

கோயில் கோபுரத்துப் புறாக்களெல்லாம் கிளம்பிவிட்டன. அருள் எழுந்தான், ஓடினான், வலப்பக்கம் போனான், காலுக்கு நடுவில் விட்டான். கோல். நாலு நிமிஷத்தில் இன்னொன்று. விசில் ஊதியதும் ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது.

மதலைமுத்து மட்டும் கோட்டோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடமே வந்தார்.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் மதலைமுத்து, அவர் வாயைத் திறக்கும் முன்னால். "நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். பையன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். கோழிக்கொழம்புன்னா இன்னும் ரெண்டு வாய் திம்பான், பாத்துப் போடுங்க."

"யாருங்க?"

"அருள்நாதன்தான்."

"அவரா? கோல் போட எங்ககிட்ட ஆறு பேர் இருக்காங்க, அவங்களுக்கே பந்து பத்தல." கிருஷ்ணப்பன் டைரியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்யாணச் சம்பந்தம் பேச வந்தவரைப் போல வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "மூணு வாரமாக் கேக்க வர்றேன், கூச்சத்துல கேக்காமலே திரும்பிப் போறேன். எங்க மைதானம் எழவு வூடு மாதிரி கெடக்குதுங்க. உங்களுக்கு மில்லுலயே வேலைக்கு மொதலாளிகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், குடும்பத்தோட வந்து எங்க டீமுக்குக் கத்துவீங்களா?"