தாழ்ப்பாள்காரரின் பதவி உயர்வு

கபாலபுரி ராஜ்ஜியத்துக் குடிமக்கள் அனைவரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துக் கேட்க வேண்டிய செய்தி: இன்று முதல் இந்நாட்டில் மகிழ்ச்சிக்கு நேரம் காலம் கிடையாது.

முரசு ஓய்ந்ததும் நடுமேட்டில் தாழ்ப்பாள்காரராக நின்றிருந்த சடையாண்டி தம் கதவைத் திரும்பிப் பார்த்தார். நாடே குடிக்கும் களிப்பு என்னும் சாறு நடுமேட்டு உலைவீடுகளில்தான் காய்ச்சப்பட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தாழ்ப்பாள்காரர் உண்டு. காய்ச்சியது போதும் என்றால் ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து, வாய் பேசாமல், ஒரு புங்க இலையைத் தாழ்ப்பாள்காரர் கையில் வைப்பார். அவர் கதவைத் தாழிடுவார். உலை தணியும். காய்ச்சுகிறவள் சற்றுக் கண்ணயர்வாள். மார்பில் செப்புத் தகடு அணிந்தவர் கையில் பட்டால்தான் இலைக்கு மதிப்பு. இல்லையேல் அது வெறும் இலை.

சடையாண்டி காத்த வீட்டில் காய்ச்சியவள் இலஞ்சியம்.

"சடையண்ணே, இலை சீக்கிரம் வருமா? இடுப்பு விட்டுப்போச்சு" என்பாள்.

"வரும் தாயி. ஊரு எவ்வளவுதான் குடிக்கும்?" என்பார்.

மன்னர் உச்சிராயருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவருடைய முடிசூட்டு விழாவன்று இலை வந்துவிட, மக்கள் பாதிச் சிரிப்போடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தாழ்ப்பாள்காரர்களை நீக்கினால் பழி வரும். ஆகவே மகாமந்திரி வாகீசர் அவர்களுக்குப் பதவி உயர்வு அளித்தார்.

"சடையாண்டியாரே! தங்களைப் போன்ற மேதை வாசலில் வெயில் காய்வது இந்த அரசுக்கே தலைகுனிவு. இனி உள்ளறை மெத்தையில் அமர்ந்து ஆலோசனை வழங்குவீர்கள்."

"என்ன ஆலோசனைங்க?"

"கேட்கும்போது சொன்னால் போதும்."

"எப்பங்க கேப்பீங்க?"

மகாமந்திரி புன்னகைத்தார். தகட்டைக் கழற்றிக்கொண்டு சந்தன மாலை போட்டார்கள்.

நாடு சிரித்தது. தூங்கவேண்டியவர்களும் சிரித்தார்கள். பிறகு சாறு சப்பென்று ஆனது. ஒரு குவளைக்குத் துள்ளியவர்கள் ஒரு குடத்துக்கும் அசையவில்லை. குடித்தும் சிரிக்காதவன் நன்றி கெட்டவன், அவனுக்கு மேலும் புகட்டுக என்று ஆணை பிறந்தது. உலைகளில் விறகு கூடியது.

இலைக்காரர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். வாங்க ஒரு கை இல்லாததால் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். படி மறையக் குவிந்த இலைகளைப் பார்த்து, சுற்றுப்பயணம் வந்த மகாமந்திரி நெகிழ்ந்துவிட்டார்.

"ஆகா! மன்னர் பாதம் நோகக்கூடாதென்று மக்கள் பச்சை விரித்திருக்கிறார்கள்!"

போதும் என்று சொல்ல வந்தவர்களுக்கு வரவேற்புக் குழு என்று பெயர் சூட்டி, ஆள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்.

உள்ளறையில் சடையாண்டிக்கு மெத்தை குத்தியது. இலஞ்சியத்தின் அகப்பை பானையில் தட்டும் ஓசை ஓயவே இல்லை.

"அண்ணே, உள்ளதானே இருக்கீங்க? எந்திரிச்சு அந்தக் கதவைச் சாத்தினா என்ன? நான் செத்துருவேன் போல இருக்கு."

அவர் எழுந்து போனார். வாசலில் அரண்மனைக் காவலன் மறித்தான்.

"தகடு எங்க?"

"நீங்கதானய்யா கழட்டுனீங்க!"

"அப்ப நீங்க ஆலோசகர். ஆலோசகர் கதவைத் தொட்டா ராஜதுரோகம். உள்ள போய் ஆலோசனை சொல்லுங்க."

"கதவைச் சாத்தணும். அதான் என் ஆலோசனை."

"நாங்க கேட்டோமா?"

அவர் திரும்பி வந்தபோது இலஞ்சியம் உலையருகே சாய்ந்து கிடந்தாள். அகப்பையை விரல்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அடுத்த வீட்டிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதே. அவள் இடத்தில் உட்காரப் புதிதாக யாரும் பிறப்பதில்லை என்பது நடுமேட்டார் எல்லோருக்கும் தெரியும். மகாமந்திரிக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவரும் கேட்டதில்லை.

அவர் அவையில் முழங்கினார்: "தாழிட ஆளே இல்லாமல் உலைகள் தாமாகவே அணைந்துள்ளன. இதுவன்றோ சுயகட்டுப்பாடு! எனவே தாழ்ப்பாள்காரர் என்னும் பதவியே வீண் என்று நிரூபணமாகிறது."

அவை எழுந்து கைதட்டியது.

மறுநாள் காலையில் களிப்புக் குவளை காலியாக வந்தது. உச்சிராயருக்குக் கட்டிலை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை.