கேஸ் கம்மி மாமா

உலகத்தில் ஏசி மெக்கானிக்குகள் குறைவு. ஏசி மெக்கானிக்குக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஏராளம். இவர்களைத் தேடி நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். எந்தக் கட்டடத்தின் மொட்டை மாடிக்காவது ஒருவர் கருவிப் பையோடு ஏறட்டும். ஐந்தாவது நிமிடம் பின்னாலேயே இன்னொருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார், இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார், தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார், கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

“கேஸ் கம்மி.”

இவர்தான் கேஸ் கம்மி ஆசாமி. குளிரவில்லையா? கேஸ் கம்மி. தண்ணீர் சொட்டுகிறதா? கேஸ் கம்மி. ரிமோட்டில் பேட்டரி செத்துப்போய்விட்டதா? அதுவும் கேஸ் கம்மிதான், இதில் என்ன சந்தேகம்? ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரின் கார் நடுத்தெருவில் நின்றுபோனபோதுகூட இதையே சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். தெரியும் என்ன, சொந்தக்காரரே. என் அக்கா புருஷன்.

மாமா முப்பது வருடம் பாடப்புத்தகக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் அவர் இருந்தவரை சுற்றியதில்லை. குளிர்சாதன ஞானம் முழுவதும் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அக்காவுக்கே இன்னும் விளங்கவில்லை.

அக்கா ஓர் அழகு நிலையம் நடத்துகிறாள். மாடியில் பெரிய ஏசிப் பெட்டி உட்கார்ந்திருக்கும். கீழே கூடம் முழுவதற்கும் அதிலிருந்துதான் குளிர்காற்று. அது ஒரு நாள் மத்தியானம் சக்தியற்றுப்போய் வெறும் காற்றை ஊதத் தொடங்கியது. மெக்கானிக் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி, அளந்து பேசுகிறவர். படியேறும்போதே நடுவில் இருக்கும் சுவிட்ச் பெட்டியை அணைத்தார், அதில் ஒரு பூட்டைப் போட்டார், ‘ஆள் வேலை செய்கிறார், போடாதே’ என்று சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார், சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே கூட ஏறினேன். மாமா அப்போது கீழே செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் மேலே வந்தபோது மெக்கானிக் மீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கு எதுக்கும்மா மீட்டரு? தொட்டுப் பாத்தாலே தெரியுமே!”

“தொட்டுப் பாத்தவங்க யாரும் திரும்பி வந்து சொல்லல சார்.”

வேறு யாராவது இதோடு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். மாமாவா? மெக்கானிக் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, குழாயைப் பொருத்தி, உள்ளே மிச்சமிருந்த கேஸை ஒரு காலி சிலிண்டருக்குள் நிதானமாக இழுக்க ஆரம்பித்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“திறந்து விட்டா புஸ்ஸுன்னு போயிடும். ரெண்டு நிமிஷ வேலை!”

“போயிடும் சார். போற வழியில உங்க மூஞ்சி இருந்தா அங்கயே உறைஞ்சு தோல் வெந்துடும். அதோட, இதை வெளிய விடவும் கூடாது.”

மாமா முகத்தைத் தடவிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். வாய் தள்ளி நிற்கவில்லை. ஓட்டை எங்கே என்று பார்க்க நைட்ரஜன் ஏற்ற வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னதுதான் தாமதம், “நைட்ரஜன் எதுக்கு? வெல்டிங் கடைல என் ஃப்ரெண்டு இருக்கான். ஆக்சிஜனே வாங்கிட்டு வரேன்!” என்று கிளம்பப் பார்த்தார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முதல்முறையாக அவரை முழுசாகப் பார்த்தார். “உள்ள எண்ணெய் இருக்கு சார். ஆக்சிஜன் போனா வெடிச்சுடும். வாங்கப் போறதா இருந்தா சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போயிடறேன்.”

நைட்ரஜன் ஏறியது. சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போனதில், விசிறிக்குப் பின்னால் ஓர் இணைப்பில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. இதோ ஓட்டை! மெக்கானிக் அழுத்தத்தை இறக்கிவிட்டு, விசிறியின் ரெக்கைகளுக்கு நடுவில் கையை முழங்கை வரை நுழைத்து அந்த இணைப்பை முறுக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அக்காவின் குரல். “என்னங்க! முன்னாடி காத்தாவது வந்துச்சு, நீங்க மேல போனதுலேருந்து அதுவும் நின்னுபோச்சு! மூஞ்சில பூசிக்கிட்டு மூணு பேர் உக்காந்திருக்காங்க, எல்லாம் கழுத்துக்கு வழியுது!”

மாமாவின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள்! “கரண்டே வரலடா! கரண்ட் இல்லாத ஏசியைப் பிரிச்சு வச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரமா என்ன நோண்டுறாங்க? இரு, நான் போய்ப் பாக்கறேன்.” போய்விட்டார். அப்பாடா, தொல்லை விட்டது என்றிருந்தது எனக்கு.

நான்கு நிமிடம் கழித்துப் படிக்கட்டிலிருந்து சத்தம் வந்தது. டங். டங். டங்.

மெக்கானிக் சட்டென்று தலையைத் தூக்கினார். “பூட்டை யாரோ உடைக்கிறாங்க” என்றார். ரெக்கைகளுக்கு நடுவில் மாட்டிய கை அவசரத்துக்கு வரவில்லை. மெல்லத் திருப்பித் திருப்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. “மாமா! நிறுத்துங்க!” என்று நான் கத்தியது சுத்தியல் சத்தத்தில் எடுபடவில்லை. ஒருவழியாகக் கை வெளியே வந்தது. இருவரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

படிக்கட்டில் மாமா வியர்க்க விறுவிறுக்க நின்றிருந்தார். பூட்டு பாதி நசுங்கியிருந்தது.

“கண்டுபிடிச்சுட்டேன்டா! எவனோ ஆஃப் பண்ணிப் பூட்டும் போட்டிருக்கான். கேஸெல்லாம் கம்மியே இல்ல!”

“அட்டையைப் படிக்கலையா மாமா? ஆள் வேலை செய்யறாங்கன்னு போட்டிருக்கே!”

“படிச்சேனே! நான்தானே செஞ்சிட்டிருக்கேன்?”

மெக்கானிக் கத்தவில்லை. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். “இது இப்ப விசிறிக்கு நடுவுல இருந்துச்சு சார். இன்னும் ரெண்டு அடி அடிச்சிருந்தா பூட்டு தெறிச்சிருக்கும். நீங்க சுவிட்சைப் போட்டிருப்பீங்க. இதை வச்சுதான் நான் ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறேன்.”

மாமா அந்த ஐந்து விரல்களையும் பார்த்தார். சுத்தியல் கையிலிருந்து நழுவி மூன்று படி உருண்டது.

“எனக்கு... தெரியாதும்மா” என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த அக்கா அப்படியே வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த மனிதர்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்துவிட்டது.

சாயந்திரத்துக்குள் வேலை முடிந்தது. உள்ளே காற்றும் ஈரமும் இல்லாமல் உறிஞ்சி எடுத்து, கேஸைத் தராசில் நிறுத்து ஏற்றி, எல்லாவற்றையும் மூடிய பிறகு, அந்த அம்மாளே நசுங்கிய பூட்டை அறுத்து எடுத்துச் சுவிட்சைப் போட்டார். கூடம் ஜில்லென்றாயிற்று. மாமா அன்றைக்கு மொட்டை மாடிப் பக்கமே போகவில்லை. மறுநாள் காலை எதிர்வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டு, “உள்ள ஈரம் பூந்திருக்கு” என்றார். என்ன செய்வது?

போதும், மாமாவை விட்டுவிடுவோம். ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குப் படிக்கட்டிலிருந்து “சுத்தியல் எங்கடா?” என்று மாமா கேட்டார். “ஸ்டோர் ரூம்ல, பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி” என்று மேலேயிருந்து சொன்னது நான்தான். எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருந்த சந்தோஷத்தில், வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? பூட்டு பாதிதான் நசுங்கியது என்று சொன்னேன் அல்லவா, அப்போது உங்களுக்குள் ஒரு யோசனை ஓடியதை நானும் கவனித்தேன். சுத்தியலால் அடித்தால் எப்படி உடையும், ஒரு கம்பியை விட்டு நெம்பியிருந்தால் உடனே கழன்றிருக்குமே என்றுதானே?