முப்பத்தேழு டிகிரியில் ஒரு பால் பாட்டில்

மனித இதயத்தின்மேல் கடவுளுக்கு இருந்த அக்கறையைவிடக் கால்வே நகரத்து ஆய்வுக்கூடத்தின் உயர்நிலைக் குழுவுக்கு இருந்த அக்கறை பெரிது. கடவுள் இதயத்தைப் படைக்குமுன் ஒரு கூட்டம்கூடக் கூட்டியதாகத் தெரியவில்லை. குழு ஒரே ஆண்டில் பதினேழு முறை கூடியது.

அடைத்துக்கொண்ட ரத்தக் குழாயைத் திறந்து தாங்கிப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய்க்கு ஸ்டென்ட் என்று பெயர். உலோகத்தில் செய்தால் ஆயுள் முழுக்க உள்ளேயே கிடக்கும். மக்கும் பாலிமரில் செய்தால் வேலை முடிந்ததும் கரைந்து போய்விடும். ஆனால் குழாய் ஆறுவதற்குள் பாலிமர் நொறுங்கிவிடக் கூடாது. ஆய்வாளர் டெர்வ்லா கொனீலி ஆறு வருடம் மல்லுக்கட்டியது அந்த ஒன்றுக்காகத்தான்.

அவளுடைய புதுக் கலவையில் செய்த நாற்பது ஸ்டென்ட்கள், மனித உடம்பின் சூடான முப்பத்தேழு டிகிரியில் உப்புநீர்த் தொட்டியில் கிடந்தன. மாதக் கடைசியில் ஒன்றை இடுக்கியால் எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். ஆறு மாதம் தாங்கி, பிறகு தளர வேண்டும் என்பது கணக்கு. பதினோரு மாதமாகியும் ஒன்றுகூடத் தளரவில்லை. அவளுக்கு உள்ளூர உறுத்தியது.

"கரையவே மாட்டேங்குது ப்ரொபசர். ஏதோ சரியில்ல."

"கரையலன்னா அதுக்குப் பேருதான் பலம்," என்றார் குழுத் தலைவர் ஃபின்டன். "முதல் ஆளுக்கு வர்ற வியாழக்கிழமை பொருத்தறோம். அமைச்சர் தேதி குடுத்துட்டாரு."

அந்த முதல் ஆள் கோல்மன். ஆய்வுக்கூடத்தின் வாயிற்காவலர், வயது அறுபத்திரண்டு. இரண்டு மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வேறு வகையிலும் அவர் பெருமைக்குரியவர். வளாகத்தின் 'பசுமை இயக்கம்' ஆணையிட்டபடி, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஒரு சுவிட்ச் விடாமல் அணைத்து, திங்கட்கிழமை காலை மீண்டும் போடுவார். அதற்காக ஃபின்டன் அவருக்கு மக்கும் அட்டையில் செய்த பதக்கம் சூட்டினார். வீடு போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆய்வுக்கூடத்தில் உண்மையிலேயே மக்கிக் காட்டிய ஒரே பொருள் அந்தப் பதக்கம்தான்.

அமைச்சருக்காகப் புகைப்படம் எடுக்க, டெர்வ்லா மாதக் கடைசிவரை காத்திராமல் திங்கட்கிழமையே தொட்டியின் மூடியைத் திறந்தாள். ஸ்டென்ட்களுக்கு நடுவே கழுத்தளவு தண்ணீரில் ஒரு பால் பாட்டில் நின்றது.

"கோல்மன், இது என்ன?"

"பால் கண்ணு. டீக்கு. பசுமை இயக்கத்துல பிரிட்ஜைத் தூக்கிட்டாங்கல்ல? நான் எங்க போவேன்?"

"எத்தனை நாளா இங்க வைக்கறீங்க?"

"ஈஸ்டர்லேருந்து. மாசக் கடைசியில நீ வருவேன்னு முன்னாடியே எடுத்துருவேன். ஒரு நாளும் திரிஞ்சதில்ல. அருமையான தொட்டி."

டெர்வ்லா கையுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கையை விட்டாள். ஜனவரி மாதக் கடல்போலச் சில்லிட்டது. முகப்பில் மட்டும் முப்பத்தேழு என்று கம்பீரமாக ஒளிர்ந்தது. அது தொட்டியிடம் கேட்ட சூடு, தண்ணீரில் இருக்கிற சூடு அல்ல. மின்சாரம் ஒருமுறை போய் வந்தால், யாராவது பொத்தானை அழுத்தும்வரை தொட்டி சூடேறாது. கோல்மன் சுவிட்சை அணைத்த முதல் வெள்ளிக்கிழமையோடு அது நின்றிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"உங்க உடம்பு இந்தத் தண்ணி மாதிரி இல்ல கோல்மன். உடம்புச் சூட்டுல இந்த ஸ்டென்ட் எத்தனை நாள் தாங்கும்னு எனக்குத் தெரியாது. ஒரே மாசத்துல உள்ளயே நொறுங்கலாம்."

கோல்மன் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, "பாலை எடுத்துக்கட்டுமா?" என்றார்.

புதன்கிழமை குழு அவசரமாகக் கூடியது. கோல்மன் டீத் தட்டோடு சுவரோரம் நின்றார். தொட்டித் தண்ணீர் பதினைந்து டிகிரிதான் என்பதுவரை டெர்வ்லா சொன்னதையெல்லாம் ஃபின்டன் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆக, பதினைஞ்சு டிகிரியில உலகத்துலயே பலமான ஸ்டென்ட் நம்மளோடதுதான்."

"மனுஷ உடம்பு பதினைஞ்சு டிகிரி இல்லையே, ப்ரொபசர்."

"அது உடம்போட குறைபாடு. நம்ம ஆய்வு வரம்புல வராது."

தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. நெறிமுறைக்குப் புறம்பாகப் பால் வைத்த ஊழியர் கண்டிக்கப்பட்டார். பத்திரிகைச் செய்தியில் 'உகந்த குளிர்ச்சியில்' என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. பொருத்தும் தேதி மாறாது. 'பயனாளர்' தம் உடம்பை இயன்றவரை குளிர்ச்சியாகப் பராமரிக்க வேண்டும்.

"பட்டியல்லேருந்து கோல்மன் பேரை நான் அடிச்சுட்டேன்," என்றாள் டெர்வ்லா.

"அடிக்கற அதிகாரம் உனக்கு இல்லம்மா. அவர் கையெழுத்து நம்மகிட்ட இருக்கு."

கோல்மன் தட்டை மேசைமேல் வைத்தார். ஃபின்டனுக்கு முன்னால் கிடந்த தம் ஒப்புதல் தாளை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் டீ ஊற்றினார், பால் இல்லாமல்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் ஐயா," என்றார். "சுவிட்சை அணைச்சது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தத் தொட்டிக்குப் பொத்தானை அழுத்த, பதினோரு மாசத்துல உங்கள்ல ஒருத்தருக்கும் நேரமில்ல. என் நெஞ்சு நின்னு போனா மட்டும் யாரு அழுத்த வருவீங்க?"