மூன்று அங்குலமும் ஓர் அங்கிளும்

கிட்ட வாங்க கண்ணுகளா, மழைச் சத்தத்துல நான் சொல்றது கேக்காது. யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல கல்யாண ஜீப் ஆடின கதை சொல்லப்போறேன். நல்லாச் சிரிங்க. தாய்மாமன் யாராச்சும் பக்கத்துல இருந்தா மட்டும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிங்க.

"அ-அ-அப்பா, பொ-பொட்டு எறங்கிருச்சு!" என்றாள் கல்யாணப் பெண் கோகிலா.

அழகமுத்து கண்ணாடியில் பார்த்தான். மகளின் நெற்றிப்பொட்டு மூக்கு நுனிக்கு வந்திருந்தது. பத்தரைக்கு முகூர்த்தம். கோயில் கீழே பஸாரில். ஜீப்போ பாதி மலையில் தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

தப்பு அவனுடையதுதான். மழை அரித்த ரோட்டில் கல் அடிவயிற்றை இடிக்கும் என்று போன வாரம் ஜீப்பை மூன்று அங்குலம் தூக்கினான். ஜீப் உயர்ந்தது, கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீட்டுக் கம்பி சாய்ந்துபோனது. வேகம் முப்பதைத் தொட்டால் ஆட்டம். சாய்வைச் சரிக்கட்ட நேற்று ஸ்பிரிங்குக்கு அடியில் ஆப்பு சொருகினான். இப்போது இருபதிலேயே ஆட்டம்.

பின்சீட்டில் தாய்மாமன் ராமச்சந்திரன், மடியில் சீர்த்தட்டோடு. கொழும்பு ஹோட்டலில் இருபது வருஷம் கேஷியராக இருந்து திரும்பியவர். மாமா என்றால் பிடிக்காது, தோட்டமே "அங்கிள்" என்றுதான் கூப்பிட வேண்டும். அழகமுத்துவின் மனைவி மூக்காயி, அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி, அவள்கூட "அங்கிளண்ணே" என்பாள். காலையில் அவர் ஏறினபோது ஜீப்பின் மூக்கு மரியாதையாக நிமிர்ந்தது.

"கொழும்புல ஜீப்பு இப்படி ஆ-டா-து," என்றார். பல்செட்டு தாளம் போட்டது.

அழகமுத்து வண்டியை நிறுத்தி, பஸார் மெக்கானிக் றஊப் நானாவுக்கு போன் போட்டான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"நானா, ஆப்பு வச்சும் ஆடுதுங்க!"

"தடிச்ச பக்கம் எங்கால ஈக்கி?"

"தடிச்ச பக்கம் முன்னால இருக்குங்க."

"வண்டீல ஆராரு?"

"பொண்ணு, மூக்காயி, பின்னால அங்கிள், வாழத்தாரு, பலகாரப் பொட்டி..."

சிக்னல் விட்டுவிட்டு வந்தது.

"அங்கிள்தான்... பிழை... அங்கிள எறக்கு... ஆப்ப... திருப்பி... வை..."

அதோடு கட்.

வாழைத்தார்கூட அசையவில்லை. அங்கிள் தட்டோடு இறங்கினார். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"சீரோட வந்தவனுக்கு ஆப்பா? எறக்கி வச்சு, திருப்பி வேற வைப்பானாமா? மால எடுத்துக் குடுக்க வேற மாமனப் பாத்துக்கங்க!"

தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் மணவறைப் பக்கமே வரமாட்டார்கள். கோகிலா அழ ஆரம்பித்தாள். பொட்டு உதட்டுக்கு இறங்கியது.

"எதையாவது சொல்லித் தொலைங்க!" என்று மூக்காயி புருஷனைக் கிள்ளினாள்.

"உங்கள இல்ல அங்கிள், ஆங்கிள்!" என்றான் அழகமுத்து.

"அதத்தானய்யா நானும் சொல்றேன்!"

"அய்யோ, அங்கிள் வேற, ஆங்கிள் வேற! ஆங்கிள்னா கோணல்!"

"நான் கோணலா?"

இனிப் பேசினால் ஆபத்து. அழகமுத்து புது வேட்டியோடு ஜீப்புக்கு அடியில் புகுந்தான். ஜாக்கி கொடுத்து, நட்டைக் கழற்றி, ஆப்பைத் திருப்பி மாட்டினான். தனியாக வளைவு வரைக்கும் நாற்பதில் போய்த் திரும்பினான். முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழம் அசையவில்லை.

"பாத்தீங்களா அங்கிள்? கம்பியோட கோணல்! நானா அதத்தான் சொன்னாரு!"

அங்கிள் யோசித்தார்.

"அப்ப றஊப் எம் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொன்னாத்தான் மால."

"ஹரி அங்கிள், ஹரி! சரி, ஏறுங்க!"

அங்கிள் ஏறினார். இருபதில் எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. எல்லாருடைய பற்களுக்கும் வேலை வந்தது.

கோயில் வாசலில் மணி பத்து இருபது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றார்கள். ஓரமாக, பரிசுப் பார்சலோடு, றஊப் நானா. கிரீஸ் வேட்டியோடு அழகமுத்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"நானா, நீங்க சொன்னது ஆங்கிளத்தானே? இரும்புக் கம்பியத்தானே? இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க!" கண்ணையும் அடித்தான்.

றஊப் நானா குனிந்து ஜீப்புக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து பின்சீட்டைப் பார்த்தார். ஸ்பிரிங் நசுங்கிக் கிடந்தது. அங்கிள் இன்னும் இறங்கவில்லை.

"ஆப்பு சரி, ஆங்கிளும் சரி," என்றார் நானா. "நான் எறக்கச் சென்னது இந்த அங்கிளத்தான்."

அங்கிள் மொகத்தத் திருப்பிக்கிட்டேதான் மால எடுத்துக் குடுத்தாரு. கோகிலாவுக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க. அவ வீட்டப் போல உங்க வீடும் நெறஞ்சு, கோவிச்சுக்கிட்டுப் போனவங்க எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து, அடுப்பும் சிரிப்பும் அணையாம இருக்கட்டும் கண்ணுகளா.