அக்காவிடம் காட்டக் கூடாத டிஸ்க் சமாச்சாரம்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமா என்பது இன்று மாலை ஐந்து மணிக்குத் தெரியும். தயவுசெய்து இந்தக் கடிதத்தை அக்கா கண்ணில் படாமல் படிக்கவும். காரணம் பின்னால் வருகிறது.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த டெஸ்டிங் வேலைக்கு ஆபத்து வந்துவிட்டது. ஒரு மருத்துவமனைக்காக, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பெட்டி இங்கே தயாராகிறது. உள்ளே நாலு டிஸ்க்; நாலையும் கட்டி மேய்க்கும் மேஸ்திரியாக ஒரு கன்ட்ரோலர் கார்டு. அந்தக் கார்டு நொடிக்கு எவ்வளவு எழுதுகிறது என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. அளந்தேன். காலையில் வந்ததும் டெஸ்டை ஓடவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனேன், நொடிக்கு நானூறு எம்.பி. உட்கார்ந்து பார்த்தேன், நூற்று எழுபது. டீ குடித்துவிட்டு வந்தால் முன்னூற்றுத் தொண்ணூறு, உட்கார்ந்து சரிபார்த்தால் நூற்று அறுபது. அதே கார்டு, அதே டிஸ்க், அதே டெஸ்ட்! கேபிளை மாற்றினேன், கார்டை மாற்றினேன், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தேன். ஒன்பது நாள் இப்படியே போச்சு. நேத்து மேனேஜர் என் தாளைப் பாத்துட்டு, "என்னய்யா இது, ரிப்போர்ட்டா, காய்ச்சல் சார்ட்டா? நாளைக்கு அஞ்சு மணிக்கு நானே வந்து உட்காருவேன். மூணு தடவை ஒரே நம்பர் வரணும். வரலைன்னா பேக்கிங் செக்ஷனுக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்டு"ன்னுட்டார்.

இன்னிக்குக் காலையில பக்கத்து மேஜையில சாலிடரிங் பண்ற அம்மா மெதுவா ஆரம்பிச்சாங்க. "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க எழுந்து போனா ஓடுது, வந்து உட்கார்ந்தா நொண்டுது." எனக்குச் சுருக்குனுச்சு. ராசி இல்லாதவன்னு சொல்றாங்களோன்னு பாத்தா, அவங்க தன்னோட தண்ணி டம்ளரைக் கொண்டுவந்து என் மேஜையில வச்சாங்க. தண்ணி கிடுகிடுன்னு நடுங்குது. குனிஞ்சு பாக்குறேன், மேஜைக் காலோட ஒட்டிக்கிட்டு என் வலது முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கிட்டிருக்கு!

அத்தான், எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. டிஸ்குக்குள்ள இருக்கிற தட்டு நொடிக்கு நூத்தி இருபது சுத்து சுத்துது. அதுமேல எழுதுற முனை தட்டைத் தொடாமலே மிதக்குது. தலைமுடியை நெடுக்க ஆயிரம் கீத்தா வகுந்தாலும் ஒரு கீத்துகூட அந்த இடைவெளியில நுழையாதாம். அம்மாடியோவ்! அப்படிப்பட்ட இடத்துல என் கால் ஆடுறது போய்ச் சேருது. அந்த முனை தடம் மாறிட்டோமேன்னு தயங்கி, ஒரு சுத்து காத்திருந்து, திரும்பவும் அதே இடத்துல பிழையில்லாம எழுதுது. ஒன்பது நாள் நான் அதைத் திட்டினேன். இவ்வளவு தொந்தரவுலயும் ஒரு எழுத்தைத் தப்பா எழுதலை. கும்பிடணும் போல இருந்துச்சு.

உடனே பழைய கேபிளால காலை நாற்காலியோட கட்டிக்கிட்டு ஓட்டினேன். நானூறு, நானூறு, நானூத்தி ஒண்ணு. "காலை ஆட்டாதேடா, வீடே ஆடுது"ன்னு முப்பது வருஷமா அக்கா கத்தினது சரிதான்னு நிரூபணம் ஆயிடுச்சு. இது மட்டும் அவளுக்குத் தெரிஞ்சா என் மானம் போச்சு. அதான் காட்டாதீங்கன்னேன்.

இனி கவலை இல்லை. வேலை நிலைத்தது. அக்காவுக்கு என் அன்பையும், குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும்.

இப்படிக்கு,
கால் கட்டிய நிலையில்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மணி ஐந்தேகால். மேனேஜர் வந்து என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நான் கட்டை அவிழ்த்துக்கொண்டு தள்ளி நின்றேன். நூற்று ஐம்பது. குனிந்து பார்த்தேன். அவருக்கு ரெண்டு காலும் ஆடுது அத்தான்! காலை ஆட்டாதீங்கன்னு அவர்கிட்ட யார் சொல்றது? சாலிடரிங் அம்மா டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னாடி வச்சாங்க. எடுத்துக் குடிச்சிட்டார். திங்கட்கிழமை கடைசியா ஒரு தடவை வந்து உட்காருவாராம். அக்காவிடம் காட்ட வேண்டாம் என்று மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தை அக்காவிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளை இங்கே அனுப்பி வையுங்கள்.