கப்பியில் இறங்கிய பாயசம்

சென்னைத் துறைமுகத்தில் இதுவரை இறங்கிய சரக்குகளிலேயே மிகவும் தொல்லை பிடித்தது எது என்று கேட்டால், வின்ச்சு நைனா என்றுதான் சொல்வேன். துறைமுகத்துக்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். அவர்கள் குழந்தைக்கு அவர் மணலோடு சுட்ட வாழைப்பழத்தை ஊட்டியதில்லை. அவர்மேல் எனக்குள்ள கோபம் மூன்று வருஷமாக ஆறவில்லை. ஆறிவிடுமோ என்று பயந்துதான் இதை எழுதி வைக்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்கும் வின்ச்சு இயந்திரத்தை ஓட்டியதால் ராயபுரம் முழுவதற்கும் அவர் வின்ச்சு நைனா. என் கணவர் அங்கேயே, இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் டாலி குமாஸ்தா. ஒவ்வொரு மே மாதமும் அவர்கள் பிரிவைச் சேர்ந்த ஏழெட்டுக் குடும்பங்கள் எண்ணூர் சவுக்குத் தோப்பில் பழைய தார்ப்பாய்களைக் கூடாரமாகக் கட்டிக்கொண்டு பத்து நாள் தங்குவது வழக்கம். நான் அதுவரை போனதில்லை. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள் தார்ப்பாய்க்குக் கீழே படுப்பதா என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்த வருஷம் போக வேண்டியதாயிற்று. என் மகள் செல்விக்கு அப்போது இரண்டரை வயது. டைபாய்டு வந்து பிழைத்தவள், பிழைத்த பிறகு வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். ஸ்பூனைக் கண்டதும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். "கடற்காற்றுக்கு அழைத்துப் போங்கள். பத்து நாளில் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும்" என்றார் டாக்டர். என்ன கொடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். பார்லிக் கஞ்சி, கொதித்து ஆறிய தண்ணீர், நன்றாகப் பழுத்த வாழைப்பழம். அதன் கீழே 'வெளிப் பண்டம் கூடாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தத் தாளை நான் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எண்ணூரில் போய் இறங்கிய அன்று மாலையே நைனா மூன்று சவுக்குக் கழிகளை நட்டு உச்சியைக் கட்டி, அதில் ஒரு இரும்புக் கப்பியை மாட்டிக் கயிறு கோத்தார். கயிற்றின் நுனியில் அலுமினியச் சட்டி. அடியில் சவுக்குச் சுள்ளி தகதகவென்று எரிந்தது. பாயசம் செய்யப் போகிறாராம்.

"நெருப்பைக் கொஞ்சம் குறைக்கக்கூடாதா? அடி பிடிக்குமே" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"இன்னா தங்கச்சி, படிச்சவ பேசற பேச்சா இது? நெருப்ப எதுக்குக் கொறைக்கணும்? சட்டியத் தூக்கு!" என்று கயிற்றை இழுத்தார். சட்டி ஆகாயத்துக்குப் போயிற்று. பிறகு "ஆரியா!" என்று ஒரு கூச்சல். துறைமுகத்தில் சரக்கை இறக்கச் சொல்லும் வார்த்தை அது. சட்டி இறங்கிற்று. கரண்டி என்ற ஒன்றை அவர் தொடவே இல்லை. கிளற வேண்டுமென்றால் கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவார்.

அதோடு விட்டாரா? தொங்கும் சரக்குக்குக் கீழே ஆள் நிற்கக்கூடாது என்பது துறைமுகச் சட்டமாம். அரைப்படி பாயசத்தைச் சுற்றி நாலு கஜத்துக்கு ஒரு கயிறு கட்டி, அதற்கு வெளியே எங்களை எல்லாம் வரிசையாக நிறுத்திவிட்டார். இன்னொரு சட்டமும் உண்டு. வெட்டவெளியில் செய்யும் இனிப்புக்கு மூன்றே பொருள்தான். அவல், தேங்காய்ப்பால், வெல்லம். அல்லது வாழைப்பழம், கருப்பட்டி, நெருப்பு. நெருப்பையும் ஒரு பொருளாகத்தான் சேர்ப்பார். ஏலக்காய் போடலாமே என்று ஒருத்தி கேட்டதற்கு, "நாலாவது சாமான் ஏத்தினா கப்பலு முயுகிடும்!" என்று சீறினார்.

வாழைப்பழத்தைத் தோலோடு தணலில் புதைத்து, தோல் கருகியதும் பிளந்து, உள்ளே கருப்பட்டியைச் சீவிப் போடுவார். மணல் நறநறவென்று பல்லில் அரைபடும்.

"மண்ணாயிருக்கே!" என்றேன்.

"மண்ணு வேணாம்னா வூட்லயே குந்திக்கினு துன்னுருக்கணும். எண்ணூர்ல எதுக்கு வந்தே?"

இதற்குச் சரியான பதில் மறுநாள் குளிக்கும்போது வந்தது. அப்போது சொல்லி என்ன பயன்?

மூன்றாம் நாள் டப்பா விவகாரம். கடல் தண்ணீரில் நனைந்து லேபிள் உரிந்துபோன டப்பாக்கள் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று கடவுளுக்கும் நைனாவுக்கும்தான் தெரியும் என்பது நைனாவின் கட்சி. இரண்டு டப்பாக்களைக் காதருகே வைத்துக் குலுக்கி, "ரெண்டுமே பால்டப்பா. இல்லாங்காட்டி மீசைய எடுத்துடறேன்" என்று சத்தியம் செய்தார். முதல் டப்பாவில் கெட்டிப்பால்தான் இருந்தது. சேமியாவில் ஊற்றினார். இரண்டாவதை எட்டிப் பார்க்காமலே கவிழ்த்தார். எண்ணெயில் ஊறிய மீன் துண்டங்கள் வரிசையாகப் பாயசத்தில் குதித்தன.

அவர் மனைவி மங்கம்மா, காசிமேட்டில் மீன் விற்பவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "வருசம் முச்சூடும் மீனு வித்துட்டு, பத்து நாளு மீனு மூஞ்சில முயிக்காம இருக்கலாம்னு இங்க வந்தா, பாயசத்துலயும் மீனா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? எட்றா மீசைய!"

மறுநாள் காலையில் நைனா பாதி மீசையோடு வந்தார். இடது பக்கம் மட்டும் மழமழவென்று இருந்தது.

"ரெண்டு டப்பால ஒண்ணு கரெக்ட்டு. பாதி மீசதான் ஞாயம்."

செல்வி அந்த முகத்தைப் பார்த்துக் கிளுகிளுவென்று சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் எத்தனை பொம்மை காட்டியிருப்பேன்! அவருடைய அரை மீசைக்குச் சிரிக்கிறாள். எனக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் பகல் மூன்று மணிக்குக் கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் செல்வி பக்கத்தில் இல்லை. ஓடினேன். கயிற்றுக்கு வெளியே, சட்டப்படி நாலு கஜம் தள்ளி, மணலில் உட்கார்ந்திருந்தாள். கப்பியை ஒரு நீளக் கழியில் கட்டி அவள் பக்கமாகச் சாய்த்திருந்தார் நைனா. ஒரு சின்னத் தம்ளர் ஆகாயத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. "ஆரியா... ஆரியா... நிறுத்து!" தம்ளர் அவள் முகத்துக்கு நேரே நின்றது. என் பெண், ஒரு மாதமாக எனக்குத் திறக்காத வாயைக் கிணறு மாதிரித் திறந்தாள்.

உள்ளே சுட்ட வாழைப்பழமும் கருப்பட்டியும். பாய்ந்து போய்த் தம்ளரைத் தட்டிவிட்டேன்.

"இது டைபாய்டு வந்த வயிறு! வெளிப் பண்டம் கூடாதுன்னு டாக்டர் ரெண்டு கோடு போட்டுக் குடுத்திருக்கார். இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வந்து பதில் சொல்வீங்களா? இது குழந்தை, மூட்டை இல்லே!"

நைனா கயிற்றை நிதானமாகச் சுருட்டினார். "கரைல சரக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க. வேல நிறுத்தம்" என்று கப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் செல்வி என் ஸ்பூனைப் பார்த்து உதட்டை மடித்தாள். வெறும் கழிகளுக்கு அடியில் போய் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விலா எலும்புகளை நான் எண்ணி எண்ணிப் பார்த்தேன். குழாய் நினைவு வந்துகொண்டே இருந்தது. நான் செய்தது சரியா, தவறா? தாளை எடுத்துப் படித்தேன். தாளில் அதற்குப் பதில் இல்லை.

எட்டாம் நாள் காலையில் பார்லிக் கஞ்சியோடு நைனாவின் கூடாரத்து வாசலில் போய் நின்றேன்.

"நீங்க தூக்கி இறக்கணும். ஆனா இந்தக் கஞ்சியைத்தான்."

"கஞ்சி ஒண்ணு. அப்பால?"

"வாழைப்பழம். தாளில் இருக்கு."

"ரெண்டு. அப்பால?"

"அவ்வளவுதான்."

"மூணு இல்லாம நான் கவுத்தத் தொட மாட்டேன். கருப்பட்டி."

"தாளில் இல்லே!"

"தாள நீயே துன்னு."

உள்ளேயிருந்து மங்கம்மாவின் குரல் வந்தது. "ஏம்மா, அந்த ஆளு ஒரு பேஜாரு, அது தெரிஞ்ச கததான். ஆனா உன் கொயந்த கிளாஸ அன்னிக்குக் கொதிக்கிற தண்ணில போட்டுதான் எட்த்தான். என்னையே தொட வுடல. கை கலீஜுன்றான், கட்ன பொண்டாட்டிய!"

ரவிக்கைக்குள்ளிருந்து தாளை எடுத்துக் கசக்கினேன். கோபத்தால்தான். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா?

"சரி, கருப்பட்டி. ஒரு சிட்டிகை" என்றேன்.

கப்பி ஏறிற்று. தம்ளர் மேலே போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

"இறக்குங்களேன்!"

"வின்ச்சுக்காரன் தானா எறக்க மாட்டான். கீழ ஒரு ஆளு நின்னு கை காட்டி, கொரல் குடுக்கணும். சட்டம்."

ஏழு குடும்பமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. என் கணவர் சவுக்கு மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார். நான் கையைக் கொஞ்சமாக அசைத்து, "ஆரியா" என்றேன்.

"அல சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"ஆரியா!"

"டாலி சார் சம்சாரத்துக்குக் கொரலே இல்லையா?"

"ஆரியா!" என்று கத்தினேன். அந்த ஒரு கூச்சலில் ஒரு மாதத்துப் பயம் முழுவதும் இருந்தது. தோப்புக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. தம்ளர் இறங்கிற்று. செல்வி வாயைத் திறந்தாள். அன்று மூன்று தம்ளர் சரக்கு இறங்கிற்று. மிச்ச நாளெல்லாம் காலையும் மாலையும் நான்தான் கை காட்டினேன்.

பத்து நாள் கழித்து டாக்டரிடம் போனபோது எடை ஏறியிருந்தது. கருப்பட்டி விஷயத்தைப் பயந்துகொண்டே சொன்னேன். "கொடுத்தீர்களா? நல்லதாயிற்றே!" என்றார் டாக்டர். பிறகு எதற்கய்யா இரண்டு கோடு? அவர்மேல் உள்ள கோபத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஊர் திரும்பிய மறுநாள் நைனா கேட்காமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்குள் வந்து, தூளிக் கொக்கியில் அந்தக் கப்பியை மாட்டினார். உத்தரத்திலிருந்து காரை பெயர்ந்து அரிசிப் பானையில் விழுந்தது. வீட்டுச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தார். நைனா மேலே பார்த்து, "சோக்கா கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் தினமும் நான் கத்திய கத்தலில், தெருவே எங்கள் வீட்டைக் கப்பல் தளமாக்கி, ஐந்தாம் நம்பர் டெக் என்று கூப்பிட்டது.

செல்விக்கு இப்போது ஆறு வயது நடக்கிறது. தன் கையால் சாப்பிடுகிறாள். நைனாவும் வேலையை விட்டுவிட்டுக் காசிமேட்டோடு இருக்கிறார். கப்பிக்கு இனி வேலை இல்லை, கழற்றிவிடலாமா என்று என் கணவர் வாரம் ஒரு முறை கேட்கிறார். எனக்கு நைனாமேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் செல்விக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து முடித்ததும், ஸ்டூலைப் போட்டு ஏறி, கப்பிக்கும் இரண்டு சொட்டு விடுகிறேன்.