பின் இருக்கையில் வந்த விருந்தாளி

மாதபா,
திங்கட்கிழமை

என் மறைந்த கணவரின் மூத்த சகோதரரும் நம் குடும்பத்தின் தலைவருமான ஜிரியேஸ் அவர்களுக்கு, விதாத் எழுதுவது. கரக்கில் குளிர் குறைந்து உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்ததாக என் மகன் ரம்ஸி உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னானாம். நான் சுவரோடு பேசவில்லை. சுவரருகே உட்கார்ந்திருந்த மனிதரோடு பேசினேன். இரண்டும் வேறு.

நடந்தது இதுதான். சனிக்கிழமை ரம்ஸி, அவன் மனைவி ஹனான், நான் மூவரும் காரில் மஃப்ரக் தாண்டிப் பாலைவனத்துக் கறுங்கல் இடிபாடுகளைப் பார்க்கப் போனோம். நல்ல நண்பகல். அவர்கள் இருவரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்கள். எனக்குக் காப்பி இடிக்கும் உரல் சத்தம் கேட்டது. உரல் சத்தம் விருந்துக்கு அழைப்பல்லவா, கேட்டும் போகாமலிருப்பது மரியாதையா? போனேன். கூரையில்லாத ஓர் அறையில் முதியவர் ஒருவர் எழுந்து நின்று வரவேற்றார். காப்பி கொதிக்கக் கொதிக்க இருந்தது, அடுப்பைத்தான் காணோம். காற்று என் முக்காட்டைப் பிய்த்தது, அவருடைய அங்கி அசையவில்லை. "வரி வசூலிக்கிறவன் இன்னும் அந்தப் பாதையிலதான் நிக்கிறானாம்மா?" என்று கேட்டார். "எங்கே போனான்? இருக்கத்தான் இருக்கான்" என்றேன். பெருமூச்சு விட்டார். பிறகு தன் கோப்பையைக் குடிக்காமல் தரையில் வைத்தார். வேண்டுதல் இருக்கிறது, தருகிறேன் என்றால்தான் குடிப்பேன் என்று அதற்குப் பொருள். விருந்தாளி செய்யவேண்டியதை வீட்டுக்காரர் செய்வது முறையல்ல. சொல்லலாமென்று வாய்வரை வந்தது, வயதைப் பார்த்து விட்டுவிட்டேன். என்ன வேண்டுமென்று கேட்டுவிட்டுத் தருவது கடைக்காரன் புத்தி. ஆகவே, "தந்தாச்சு, குடிங்க" என்றேன். குடித்தார். "உங்க வண்டியில ஒரு இடம்" என்றார்.

வேறென்ன செய்ய முடியும்? என் பக்கத்து இருக்கையிலிருந்த தர்பூசணியை ஹனானின் மடியில் வைத்தேன்.

"இது எதுக்கு அத்தே என் மடியில?"

"விருந்தாளி உட்காரணும்."

"யாரு? எங்கே?"

"சும்மா இரு, அவர் காதுல விழும்."

காரை எடுத்ததும் பின் இருக்கை வார் போடவில்லை என்று மணி அடிக்க ஆரம்பித்தது. "தர்பூசணி கனத்துலதாம்மா அடிக்குது" என்றான் ரம்ஸி. தர்பூசணி முன்னால் இருக்கிறது, மணி பின்னால் அடிக்கிறது, இவன் பொறியாளர்! நானே குனிந்து வாரைப் பூட்டினேன். நின்றது. அதன்பின் மாதபா வரை ஹனான் திரும்பிப் பார்க்கவேயில்லை.

இப்போது அவர் விருந்தினர் அறையில் இருக்கிறார். மூன்று நாள் முடியும்வரை பெயரோ வந்த காரியமோ கேட்கக்கூடாது, நானும் கேட்கவில்லை. காலையில் படுக்கை கலையாமல் இருக்கிறது, ஆனால் விரிப்பெல்லாம் மணல். விருந்தாளிதான், இருந்தாலும் காலைத் தட்டிவிட்டு ஏறலாம். இதைச் சொன்னதற்கு ரம்ஸி, "அம்மா, உனக்குப் புத்தி கலங்கிடுச்சு, வியாழக்கிழமை கன்னியாஸ்திரீகளோட முதியோர் இல்லத்துல சேர்த்துடறேன்" என்கிறான். பதினோரு வருடம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தாயிற்று. மறுபடி போகும் உத்தேசமில்லை. இது என் வீடு. இதில்தான் சாவேன். அவன் கேட்பது உங்கள் சொல் ஒன்றைத்தான். அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, வீட்டைவிட்டு நகர்த்தாதே என்று அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் எண்ணெயும் ரொட்டியும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
விதாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதைச் சேர்க்கிறேன். அந்த இடிபாடுகளில் யாருமில்லை என்று படம் பிடித்துக்காட்ட விடியற்காலையில் தனியாகப் போன ரம்ஸி இப்போதுதான் திரும்பினான். முகத்தில் இரத்தமில்லை. அவன் முன்னாலும் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தாராம். என் வளர்ப்பு, என்னவென்று கேட்காமலே தந்திருக்கிறான். "ஒருத்தர்தான்னு நினைச்சுத்தாம்மா சரின்னேன்" என்று அழுகிறான். முதியோர் இல்லப் பேச்சே இல்லை. ஹனான் கால் மணி நேரமாகக் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வந்தவர்கள் இன்னும் இறங்கி முடியவில்லை போலிருக்கிறது. ஆகவே மேலே நான் கேட்டது வேண்டாம். எங்களிடம் இருப்பவை ஐந்து படுக்கைகள். உங்கள் வீட்டில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள்.